கவரைக் கிழித்தால் தெரியும்

“நம்ம பக்கத்துல நம்பி வாங்குற மாதிரி நர்சரி எதுங்க?” வடசென்னையில் தண்டையார்பேட்டையிலோ பெரம்பூரிலோ மாடியில் நாலு தொட்டி வைக்க ஆசைப்படும் யாரும் முதலில் கேட்பது இதைத்தான். பதிலாக ஒரு கடைப் பெயர் கிடைக்கும். அந்தக் கடையில் ஒருவர் வாங்கிய செம்பருத்தி வருஷக்கணக்கில் பூத்துக்கொண்டிருக்கும். அதே கடையில் இன்னொருவர் வாங்கிய ரோஜா மூன்றாவது வாரம் குச்சியாகி நிற்கும். இருவர் சொல்வதும் உண்மை. கடையின் பெயரை வைத்துக்கொண்டு இந்த முரணைத் தீர்க்கவே முடியாது என்பது என் நெடுநாள் எண்ணம். நாம் நர்சரி என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலானவற்றில் செடி வளர்வதில்லை. வேறெங்கோ வளர்ந்த செடி வந்து இறங்கி, விற்கும்வரை நிற்கிறது. அப்படியிருக்க, செடியின் தரத்தை முடிவு செய்வது அது வளர்ந்த மண்ணும், வந்து இறங்கிய நாளும், வந்தபின் அதை வைத்திருந்த விதமும்தான். இந்த மூன்றையும் வாங்குகிறவர் கடையில் நின்றபடியே கண்டுபிடித்துவிடலாம். அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

லோடு இறங்கிய நாள்

ஜிஎன்டி ரோட்டில் மாதவரம் தாண்டி, புழல், செங்குன்றம் என்று போகும் வழியில் இருக்கும் கடைகளுக்குச் செடி பெரும்பாலும் வடக்கிலிருந்து வருகிறது. ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்திலுள்ள கடியம் வட்டாரம் நாட்டின் பெரிய நாற்றங்கால் பகுதிகளில் ஒன்று. இட்லிப்பூ, குரோட்டன்ஸ், காகிதப்பூ, கொய்யா, எலுமிச்சை, மா ஒட்டு எல்லாம் அங்கிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர் லாரியில் படுத்துக்கொண்டு வருகின்றன. ரோஜாவுக்கு ஓசூரும் பெங்களூருவும். கோதாவரிக் கரை ஈரக் காற்றிலும் நிழல்வலைக்குக் கீழேயும் வளர்ந்த செடி, தார்ப்பாய்க்குள் ஓர் இரவும் பகலும் புழுங்கி, நம் ஊர் வெயிலில் இறங்குகிறது. இறங்கிய அன்று அது பார்க்க மிக அழகாக இருக்கும். இலை பளபளக்கும், மொட்டு நிறைந்திருக்கும். கடைக்காரரும் “நேத்து நைட்டுதான் இறங்குச்சு சார், ஃப்ரெஷ்ஷு” என்று பெருமையாகச் சொல்வார். வாங்கவே கூடாத நாள் அதுதான்.

லாரியில் வந்த செடிக்கு வேரில் எங்கே அடி பட்டிருக்கிறது என்பது முதல் வாரத்தில் தெரியாது. இலையில் சேமித்ததை வைத்து அது சமாளித்துக்கொண்டிருக்கும். பத்து நாளுக்குமேல்தான் கீழ் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கும். அந்த நேரத்தில் செடி உங்கள் மாடியில் இருந்தால் பழி உங்கள் கைக்கு வரும். ஆகவே, கடையில் இரண்டு மூன்று வாரம் தாக்குப்பிடித்த செடிதான் வாங்க ஏற்றது. “அண்ணே, இது எப்போ வந்த லோடு?” என்று கேளுங்கள். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, நுனியைப் பாருங்கள். கடைசியாக விரிந்த இலை, கீழே இருக்கும் முதிர்ந்த இலையின் அளவுக்கு வந்திருந்தால் செடி இந்த ஊர் வெயிலை ஏற்றுக்கொண்டுவிட்டது. புது இலைகள் சிறுத்து வெளிறி இருந்தால் அது இன்னும் திணறுகிறது. புது இலையே இல்லாமல் பூ மட்டும் நிறைய இருந்தால், அந்தப் பூவை ரசித்துவிட்டு வந்துவிடுங்கள்.

மறுபக்கம், அளவுக்கு மீறிப் பழசான சரக்கும் உண்டு. செடி நிற்கும் பிளாஸ்டிக் கவரைத் தூக்கும்போது தரையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தால், வேர் கவரைத் துளைத்துக் கீழ்மண்ணில் இறங்கிவிட்டது என்று பொருள். “புடுங்கிக்கலாம் சார்” என்று இழுத்துக் கொடுப்பார்கள். அந்த இழுப்பில் அறுபடுவது செடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த வேர். கவரின் மேல்மண்ணில் கோரை முளைத்திருந்தால் அதையும் தவிர்க்கவும். மேலே கிள்ளினாலும் கோரைக் கிழங்கு அடியில் இருக்கும். ஒரு கவரில் வந்த கிழங்கு மாடித் தொட்டிகள் அத்தனைக்கும் பரவிவிடும். பிறகு மண்ணை மொத்தமாக மாற்றுவதைத் தவிர வழியில்லை.

கவரைக் கிழிக்கும் நேரம்

வீட்டுத்தோட்டத்தில் சாகும் செடிகளில் பெரும்பகுதி, கவரைக் கிழித்துத் தொட்டியில் வைக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் சாகின்றன என்பது என் உறுதியான கருத்து. பிந்தைய நாட்களில் நாம் ஊற்றும் தண்ணீரும் போடும் உரமும் அதன் தொடர்ச்சிதான். எனவே இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பிளேடால் கவரை மேலிருந்து கீழாகக் கீறி உரித்தால், உள்ளே பெரும்பாலும் இறுகிய களிமண் உருண்டை ஒன்று இருக்கும். லாரியில் மண் உதிராமல் வர வேண்டும் என்பதற்காகவே இந்த மண்ணைப் பயன்படுத்துகிறார்கள். நீண்ட பயணத்துக்கு அது நல்லதுதான். சிக்கல் நம் தொட்டியில் தொடங்குகிறது. மாடிக்கு எடை குறைய வேண்டும் என்று நாம் கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) மண்புழு உரமும் கலந்து பொலபொலவென்று ஒரு கலவை வைத்திருப்போம். அதன் நடுவே இந்த உருண்டையை அப்படியே இறக்கி, சுற்றிலும் நிரப்பித் தண்ணீர் ஊற்றுவோம். களிமண்ணின் நுண்துளைகள் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்பவை. பக்கத்திலிருக்கும் பெரிய துளைகளுக்கு எளிதில் விடாது. அதனால் உருண்டை ஒருமுறை நனைந்தால் நசநசவென்றே கிடந்து வேர் அழுகும். அதுவே ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் சுருங்கி, சுற்றிலும் மயிரிழை இடைவெளி விழும். ஊற்றுகிற தண்ணீர் அந்த இடைவெளி வழியே இறங்கி அடித்துளையில் வெளியேறிவிடும். மேலே தொட்டுப் பார்த்தால் கலவை ஈரமாக இருக்கும். வேர் இருக்கும் உருண்டை ஓடு மாதிரி காய்ந்து கிடக்கும். இரண்டு நிலையிலும் செடி வாடித்தான் தெரியும். வாடியதைப் பார்த்து நாம் மறுபடியும் தண்ணீர் ஊற்றுவோம்.

செய்ய வேண்டியது இதுதான். கிழிப்பதற்கு முன் கவரோடு செடியை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை வையுங்கள். இருபது முப்பது நிமிடம் ஆகும். மாலை வெயில் தாழ்ந்தபின், நிழலில் கவரை உரித்து, உருண்டையின் வெளிப்பக்க மண்ணில் மூன்றில் ஒரு பங்கை ஒரு குச்சியால் மெல்லக் குத்தி உதிர்த்துவிடுங்கள். செம்பருத்தி, ரோஜா, குரோட்டன்ஸ் இதைத் தாங்கும். காகிதப்பூ, மா, சப்போட்டா, எலுமிச்சை ஆகியவற்றின் வேரை அந்த அளவுக்குக் கலைக்கக் கூடாது. மேல்பூச்சாகச் சுரண்டிவிட்டால் போதும். வேர் உட்சுவரை ஒட்டி வட்டமாகச் சுற்றியிருந்தால் மூன்று நான்கு இடத்தில் நெடுக்காக ஒரு கீறல் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தொட்டி மாறியபின்னும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். தொட்டிக் கலவையில் மூன்றில் ஒரு பங்காவது செம்மண் இருக்கட்டும். உருண்டைக்கும் கலவைக்கும் உள்ள வித்தியாசம் குறையக் குறைய ஈரம் இரண்டுக்கும் இடையே நகரும். நட்டபின் மொட்டுகளைக் கிள்ளிவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் நிழலில் வைத்து, மூன்று நாலு வாரம் எந்த உரமும் போடாமல் இருங்கள். ஈரம் பார்க்க விரலைச் சுற்றுக் கலவையில் விடாதீர்கள்; ஒரு ஈர்க்குச்சியை நடுவிலிருக்கும் பழைய உருண்டையில் செருகி எடுத்துப் பாருங்கள்.

கவரை உரிக்கும்போது வேரையும் பார்க்க வேண்டும். வெள்ளை நுனியோடு இருந்தால் நல்லது. பழுப்பாகி, உரித்தால் தோல் கழன்று, நாற்றம் அடித்தால் அழுகல். மணிமணியாக முடிச்சு இருந்தால் அது வேர் முடிச்சு நூற்புழு, அதாவது வேருக்குள் புகுந்து வாழும் கண்ணுக்குத் தெரியாத புழுவின் வேலை. அவரை, நிலக்கடலை வேரிலும் முடிச்சு இருக்கும், ஆனால் அது பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தள்ளினால் உதிரும். நூற்புழு முடிச்சில் வேரே வீங்கியிருக்கும், பிய்த்தால்தான் வரும். இது கொய்யாவில் மிக முக்கியம். தமிழ்நாட்டுக் கொய்யாத் தோப்புகளைக் கெடுத்த நூற்புழு இனம் பெரும்பாலும் நாற்றோடு மண்ணில் பயணம் செய்துதான் பரவியது. அப்படி ஒரு செடியைத் தொட்டிகளுக்கு நடுவில் வைத்தால் அடுத்த பருவம் தக்காளி, கத்தரி, வெண்டை எல்லாவற்றின் வேரிலும் அதே முடிச்சு வரும். அந்த மண்ணை வேறு தொட்டிக்கு மாற்றாமல் அப்புறப்படுத்துவதே வழி.

கடையிலேயே ஒரு செடியின் கவரைக் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். பத்துச் செடி வாங்குகிறவர் ஒன்றைக் கிழிக்கச் சொல்வதில் தவறே இல்லை. முகம் சுளிக்காமல் பிளேடை எடுப்பவரிடம் தாராளமாக வாங்கலாம். செத்துப்போன செடியையும் தூக்கி எறியாமல் வேரோடு எடுத்துப்போய் அதே கடையில் காட்டுங்கள். பணம் திரும்புமா என்பது அடுத்த விஷயம். வேரைப் பார்த்துவிட்டு “இது அந்த லோடுலயே இருந்திருக்கு” என்று ஒப்புக்கொள்கிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களை நாம் தேடிப்போய் ஆதரிக்க வேண்டும்.

“கேரண்டி ஒட்டு சார்”

ஒட்டுச்செடி என்பது ஒரு வேர்க்கன்றின்மேல் நல்ல ரகத்தின் குச்சியைக் கட்டி ஒன்றாக்கியது. அதற்கு நாட்டுக்கன்றைப்போல் பல மடங்கு விலை. ஏமாற்று வேலையும் இதில்தான் அதிகம். மாவில் ஒட்டுக் கட்டிய இடம் மண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் இருக்கும். நெருக்கு ஒட்டு என்றால் தண்டில் நீள்வாக்கில் தழும்பு தெரியும். குருத்து ஒட்டு என்றால் ஆப்பு செருகியதுபோல் ‘வி’ வடிவத் தழும்பு. அந்த இடத்தில் பாலித்தீன் நாடா சுற்றியிருந்தால் விரற்கடை அளவு பிரித்துப் பாருங்கள். நாடா மட்டும் இருந்து தழும்பு இல்லாவிட்டால் அது கொட்டைக் கன்று. தழும்பு நன்றாகக் கூடியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் நாடாவை முழுவதும் எடுத்துவிடுங்கள். தண்டு பருக்கும்போது நாடா இறுக்கி மேல்பகுதியை நெரித்துவிடும். ஒட்டுக்கு மேலே இரண்டு முறை விட்ட தளிராவது முதிர்ந்திருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே எந்தத் துளிர் வந்தாலும் அன்றே கிள்ள வேண்டும். ரோஜாவிலும் இதே விதி: மொட்டை ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழிருந்து கிளம்பும் குச்சி வேர்ச்செடியுடையது. அதை விட்டால் கிடுகிடுவென்று வளரும், நாம் வாங்கிய பூ ஒருநாளும் வராது.

கொய்யா பெரும்பாலும் பதியன், அதாவது தாய்மரக் கிளையிலேயே வேர் விடவைத்து வெட்டி எடுத்த கன்று. மண்ணுக்குள் ஆணிவேர் இருக்காது. தண்டு வெட்டுப்பட்ட நுனியோடு முடிந்து, பக்கவேர்கள் சுற்றிலும் கிளம்பியிருக்கும். காயோடு விற்கும் பதியன் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் கைப்பிடி வேர் அத்தனை காயைத் தாங்காது. வாங்கினால் காயைப் பறித்துவிட்டுத்தான் நட வேண்டும். சப்போட்டாவைப் பாலை மரத்து வேர்க்கன்றில் ஒட்டுவார்கள். உப்பை ஓரளவு தாங்குவதால் திருவொற்றியூர்ப் பக்கத்து வீடுகளுக்கு நான் முதலில் சொல்லும் பழமரம் இது. ரகப் பெயரையும் கேளுங்கள். கொய்யாவில் “லக்னோ 49”, சப்போட்டாவில் “பிகேஎம் 1” என்று சொல்பவருக்கும் “நல்ல சைஸ் வரும் சார்” என்று சொல்பவருக்கும் வித்தியாசம் உண்டு.

கறிவேப்பிலை பற்றி ஒரு வரி: ஒரே கவரில் மூன்று நாலு கன்று இருந்தால் பிரிக்காதீர்கள், அப்படியே நடுங்கள்.

விதைக்கு வேறு கணக்கு. கம்பியில் வெயில்படத் தொங்கும் பாக்கெட்டைத் தொடவே வேண்டாம். லேபிளில் ரகம், குவியல் எண் (லாட் நம்பர்), பரிசோதனை நாள், காலாவதி நாள், முளைப்புத்திறன் இருக்க வேண்டும். சான்று விதைக்கு நீல அட்டை. பொதுவாகப் பரிசோதனை நாளிலிருந்து 9 மாதம்தான் செல்லுபடி. தக்காளி, கத்தரிக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம், மிளகாய்க்கு 60. சந்தேகமாக இருந்தால் 20 விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். தக்காளியில் ஒரு வாரம் பத்து நாளில் 14 முளைத்தால் சரி.

தண்ணீரைக் கேட்காத ஆலோசனை

நல்ல செடி கிடைத்தபின் அடுத்த தேடல், நல்ல ஆலோசனை. இங்கே எனக்கு ஒரே ஓர் அளவுகோல்தான். நீங்கள் நோயைச் சொன்னதும், “என்ன தண்ணி ஊத்துறீங்க?” என்று திருப்பிக் கேட்கிறாரா? கேட்கவில்லை என்றால், வடசென்னையைப் பொறுத்தவரை, அவர் சொல்லும் மருந்து குருட்டாம்போக்கில் சொல்வது.

மீஞ்சூர்ப் பகுதி நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது 1960களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு கரையோரத்தில் போர் தண்ணீரின் உப்பை நாக்கே சொல்லும். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் காட்டுப்பள்ளி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2010இல் வந்தது. ஆனாலும் மெட்ரோ வாட்டரைக் குடிக்க, சமைக்க வைத்துக்கொண்டு செடிக்குப் போர் தண்ணீர் விடுவதுதான் வீடுகளில் வழக்கம். சில வீடுகளில் ஆர்ஓ மெஷின் கழித்து விடும் தண்ணீரையும் ஊற்றுகிறார்கள். உள்ளே போன தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம்.

இந்தத் தண்ணீர் பட்டுக்கொண்டே இருந்தால் முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். சாம்பல்சத்து (பொட்டாஷ்) குறைபாட்டிலும் முதிர்ந்த இலை ஓரம் இதேபோல்தான் கருகும். இலையை மட்டும் பார்த்தவர் “சத்துப் பத்தல, 19-19-19 போடுங்க” என்பார். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் கலந்த அந்த உரமும் உப்புதான். உப்பில் திணறும் வேருக்கு மேலும் உப்பைக் கொடுத்தால் ஒரே வாரத்தில் முழு இலையும் கருகும். ஆலோசனை சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஓசூரிலோ கோவையிலோ அதே அறிகுறிக்கு அது சரியாகவே இருந்திருக்கலாம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் எந்தச் செடிக்கும் கவலையில்லை. 450இலிருந்து 2000 வரை செடியைத் தேர்ந்தெடுத்து, பார்த்து ஊற்ற வேண்டும். 2000க்கு மேலே அந்தத் தண்ணீரை நம்பிக் காய்கறி போடாதீர்கள். இடைப்பட்ட தண்ணீருக்கு வழி: நுனிப்புல் மேய்வதுபோல் தினமும் கொஞ்சம் தெளிக்காமல், ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்கு அடித்துளையில் வெளியேறும் அளவுக்கு நிறைய ஊற்றுங்கள். தொட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். கழிந்த உப்பு மறுபடி உள்ளே ஏறும். கோகோபீட் கட்டியையும் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய பிறகே கலக்க வேண்டும், அதிலும் உப்பு உண்டு. கடற்காற்று நேரே அடிக்கும் மாடிகளில் வாரத்துக்கு இரண்டு முறை அதிகாலையில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள். அரளி, காகிதப்பூ, சப்போட்டா தாங்கும். ரோஜா, எலுமிச்சை, பீன்ஸ் தாங்காது. மணலி, எண்ணூர்ப் பக்கம் 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் புகுந்த இடங்களில் தரைமண்ணை எடுத்துத் தொட்டியில் போடாதீர்கள். வெளியிலிருந்து செம்மண் வாங்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

தண்ணீருக்கு அடுத்து, இலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். மிளகாய் இலை சுருண்டால் எல்லாரும் “வைரஸ்” என்பார்கள். ஓரங்கள் மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் பெரும்பாலும் இலைப்பேன்; கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் சிலந்திப்பேன். முன்னதற்கு ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்பில் கரைத்து மாலையில் அடிக்கலாம். பின்னதற்கு லிட்டருக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) 2 கிராம். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் அடித்தால் இலை கருகும். இடையில் இரண்டு வாரமாவது விட வேண்டும். எதுவும் அடிக்காமல் இருப்பதே மருந்தாகும் நேரமும் உண்டு. 2008இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி தமிழகத்தையே ஆட்டிவைத்தபோது, விஷ மருந்துகளால் அடங்காமல், 2010இல் தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவியால்தான் அடங்கியது.

கேட்க வேண்டிய இடங்கள்

மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் பண்ணையும் பூங்காவும் இருக்கின்றன. அரசு விலையில், ரகப் பெயரோடு செடி கிடைக்கும்; கேட்டது கேட்ட நேரத்தில் இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். மாடித்தோட்டத் தளை (பை, விதை எல்லாம் சேர்ந்த கிட்) எப்போது கொடுக்கிறார்கள் என்பதையும் அந்தத் துறையிடமே விசாரிக்கலாம். திருவள்ளூர் மாவட்டம் திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் உண்டு. 1800 180 1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே இலவசமாகக் கேட்கலாம். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை எடுப்பார்கள். வயல் வைத்திருப்பவர்தான் கூப்பிட வேண்டும் என்ற தயக்கம் வேண்டாம்.

கூப்பிடும் முன் இவை கையில் இருக்கட்டும்: தண்ணீர் எது, டிடிஎஸ் எவ்வளவு, எத்தனை மணி நேரம் நேர் வெயில், தொட்டி அளவு, கலவையில் என்னென்ன, எப்போது மாற்றி நட்டது, கடைசியாகப் போட்ட உரம், அடித்த மருந்து, பாதிப்பு தொடங்கியது பழைய இலையிலா, புது இலையிலா. இவற்றைச் சொன்னால் பதிலும் அந்த அளவுக்குத் துல்லியமாக வரும்.

அவர்கள் பதில் பெரும்பாலும் வயல் கணக்கில் இருக்கும். லிட்டருக்கு இவ்வளவு என்று சொல்லும் தெளிப்பு மருந்தை மாற்ற வேண்டியதில்லை. ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று வரும் உரத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். 12 அங்குல வட்டப் பையின் வாய்ப்பரப்பு சதுர மீட்டரில் 0.07 அளவுதான். ஹெக்டேருக்கு 100 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 10 கிராம், ஒரு பைக்கு முக்கால் கிராமுக்கும் குறைவு. டீஸ்பூனில் அள்ளிப் போட்டால் ஏழு மடங்கு விழும். நகை எடைபோடும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் 7 கிராமை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து, பத்துப் பைக்கு ஆளுக்கொரு லிட்டராகப் பிரித்து ஊற்றிவிடலாம்.